இரண்டாங்கட்டுக் கேமராவும் 47 மீட்டர் கேபிளும்

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் வளவு வீட்டின் கேமராக்கள் எடுக்கும் காட்சிகள், சென்ற ஆடிப்பெருக்கிலிருந்து, எங்களில் ஒருவர் கேட்டாலொழிய வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. பங்குனியில் வேலையைத் தொடங்கியபோது இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. நான் காரைக்குடியில் கணக்கெழுதிப் பிழைப்பவன். நெட்வொர்க் படித்தவன் அல்லன். ஆகவே தவறிய இடங்கள் பல, அவற்றையும் விடாமல் எழுதுகிறேன்.

வீடு ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவானது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்க, நடுவில் முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளவாக்கில் போகும் பழைய அமைப்பு. நிரந்தரமாக இருப்பவர்கள் 84 வயதான அப்பத்தாவும், துணைக்கு இருக்கும் ஓர் அம்மாவும் மட்டுமே. மற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். 2022-இல் பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் கதவு நிலையையே பெயர்த்துக்கொண்டு போன பிறகு, பங்காளிகள் ஆளுக்கொரு தொகை போட்டு ஆறு வைஃபை கேமராக்களை மாட்டச் சொன்னார்கள். மாட்டியாயிற்று, எல்லாரும் கைப்பேசியில் பார்த்தார்கள், அதோடு அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் போனபோது இரண்டாங்கட்டுக் கேமராவின் மேல் ஒரு ஈரிழைத் துண்டு தொங்கியது. உலர்த்தப் போட்டது போலத் தெரியவில்லை என்பதால் கேட்டேன். "அந்தக் கண்ணுக்கு முன்னால நான் எப்புடிப்பா தலைய அவுத்துக் கோதுறது? நேத்து நான் தூணப் புடிச்சுக்கிட்டு உக்காந்தத சிங்கப்பூர்லேருந்து கேக்குறான்" என்றார்கள் அப்பத்தா. மூன்று ஆண்டுகளாக அவர்கள் பகலில் அந்தக் கட்டுப் பக்கமே வருவதைக் குறைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அன்று மாலையே கேமராச் செயலியைத் திறந்து, யார் யாருக்குப் பார்வை இருக்கிறது என்று பார்த்தேன். பதினொரு கைப்பேசிகள் இருந்தன. அவற்றில் எட்டு, குடும்பத்தாருடையவை. ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேலையைவிட்டுப் போன ஓட்டுநருடையது. ஒன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. பதினொன்றாவது, கேமராவை மாட்டியவருடையது. அதுவும் மூலக் கணக்கே அவருடைய எண்ணில்தான் பதிவாகியிருந்தது, நாங்கள் அனைவரும் அவரிடமிருந்து பகிர்வு பெற்றவர்களாக இருந்தோம். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மாட்டும் நாளில் வேலை சீக்கிரம் முடியத் தன் கைப்பேசியிலேயே பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். கடவுச்சொல்லோ பெட்டியில் அச்சிட்டு வந்ததே இருந்தது, அதையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது இப்படி மாற்றப்படாத கடவுச்சொற்களை வைத்துத்தான். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

சட்டத்தில் வழி உண்டா என்றும் பார்த்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. வீட்டுக்குள் பேரன் அப்பத்தாவைப் பார்ப்பது அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது என்பதால், அதை நாங்களேதான் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

முதல் வேலை கணக்கெடுப்பு. வீட்டில் இணையத்தோடு இணைந்த பொருள்கள் ஒன்பது என்று நாங்கள் வாயால் எண்ணியிருந்தோம். ரவுட்டரின் பட்டியலில் பதினான்கு இருந்தன. ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். மூன்று, வைஃபை சுவருக்கு அப்பால் போகவில்லை என்று மாட்டப்பட்ட ரிப்பீட்டர்கள். ஒன்று தொலைக்காட்சி. கடைசி ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. மேல்மாடி அறையில், சென்ற படைப்புக்கு (முன்னோர்க்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) வந்த யாரோ மறந்துவிட்டுப் போன ஸ்மார்ட் பிளக். அது யாருக்கும் பயனின்றி எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குத் தான் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்து பை-ஹோல் என்ற தடுப்பு மென்பொருளை ஒரு சிறு கணினியில் அமைத்தேன். ஒரு பொருள் இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினாலும் முதலில் இந்தச் சிறு கணினியிடம் கேட்க வேண்டும். தடைப் பட்டியலில் இருக்கும் பெயராக இருந்தால் முகவரி தராமல் இது கைவிரித்துவிடும். இதற்காக 1,750 ரூபாய்க்கு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற உள்ளங்கையளவுக் கணினியை வாங்கியது என் முதல் தவறு. அதில் கேபிள் செருக வாயில்லை, வைஃபை மட்டுமே உண்டு. ரவுட்டர் முகப்பில் இருக்க, இதை வளவை ஒட்டிய அறையில் வைத்தேன். இடையில் இருந்த செங்கல்-சுண்ணாம்புச் சுவரின் கனத்தை அளந்தால் 26 அங்குலம். மதியத்தில் இரண்டு முறை தொடர்பு அறுந்தது, அறுந்தபோதெல்லாம் பெயர் கேட்க ஆளில்லாமல் வீடு முழுவதும் இணையம் நின்றது, பெரியப்பச்சி (பெரியப்பா) சென்னையிலிருந்து "கேமராவுக்கு என்ன ஆச்சு?" என்று கூப்பிட்டார்கள். என்னிடம் சும்மா கிடந்த பழைய ராஸ்பெரி பை 3-ஐ எடுத்து, ரவுட்டரின் பக்கத்திலேயே கேபிளில் இணைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டில் ஒரு முறை எஸ்டி கார்டு கெட்டது. அதன் பின் சிறிய யூபிஎஸ் ஒன்றில் சேர்த்து, பதிவுகளை நிமிடத்துக்கு ஒரு முறை கார்டில் எழுதுவதை மணிக்கு ஒரு முறை என்று மாற்றினேன்.

ஒரு வாரம் எதையும் தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்தேன். அதிகம் பேசியது கேமராக்கள், அடுத்தது தொலைக்காட்சி. அணைத்து வைத்த நிலையிலும் அது ஓயவில்லை. அமெரிக்காவில் விஸியோ தொலைக்காட்சி நிறுவனம், திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி அடையாளம் கண்டு விற்றதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டதைப் படித்திருந்ததால், எங்கள் பெட்டியிலும் அமைப்புகளுக்குள் ஐந்தாறு படி இறங்கித் தேடினேன். பார்ப்பதை அடையாளம் காணும் வசதி பெயர் மாறி அங்கேயும் இருந்தது. அதை அணைத்ததும் அந்தப் பெட்டியின் கேள்விகள் பாதிக்கும் கீழே குறைந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரத்தில், விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் எந்த நேரத்தில் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்பதும் வரிவரியாக என் கண்முன் இருந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. ஆனால் பார்க்காமலும் இல்லை. வெளியார் கண்ணை மூடப் போட்ட பெட்டி எனக்கு ஒரு கண்ணைத் திறந்துவிட்டது என்று உறைத்ததும், கேமராக்களின் பெயர்களை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, பை-ஹோலின் அந்தரங்க நிலையைக் கடைசிப் படியான 3-க்கு மாற்றிப் பழைய பதிவையும் அழித்தேன். இப்போது மொத்த எண்ணிக்கை மட்டும்தான் தெரியும், யார் எங்கே போனார் என்பது தெரியாது. பிழை தேடும் நாள்களில் மட்டும், வீட்டில் சொல்லிவிட்டு, தற்காலிகமாகத் திறப்பேன்.

கேமராக்களின் சர்வர் பெயர்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது வேலை முடிந்தது என்றே எண்ணினேன். நான்கு கேமராக்களின் வெளித்தொடர்பு நின்றது. மீதி இரண்டும் எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு இரவுகள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு விளங்கியது: அவை பை-ஹோலிடம் பெயரே கேட்கவில்லை, வெளியிலுள்ள ஒரு பொது டிஎன்எஸ்ஸின் (பெயருக்கு முகவரி சொல்லும் சர்வரின்) எண்ணை உள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு நேராக அதைக் கேட்டன. பெயரைத் தடுப்பது, பெயர் கேட்பவரை மட்டும்தான் நிறுத்தும். வாசலையே அடைக்க வேண்டும் என்றால் ரவுட்டர் நம் சொல் கேட்பதாக இருக்க வேண்டும், இணையம் கொடுத்த நிறுவனத்தின் ரவுட்டரில் அதற்கு இடமில்லை.

நாமே விதி எழுதிக்கொள்ள இடம் தரும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளை ஏற்கும் ரவுட்டர் ஒன்றை 3,400 ரூபாய்க்கு வாங்கி, நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். வீட்டு நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்தேன்: மனிதர்களின் கைப்பேசிகளுக்கு 192.168.10 என்ற வரிசை, கேமராக்களுக்கு 192.168.20 என்ற வரிசை. முதல் வரிசையிலிருந்து இரண்டாவதைப் பார்க்கலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கோ இணையத்துக்கோ எதுவும் போகக் கூடாது. எங்கள் வீடுகளில் வளவு எல்லாருக்கும் பொது, அதைச் சுற்றியுள்ள அறை அந்தந்தப் புள்ளிக்கு உரியது, சாவி அவரவர் இடுப்பில் என்ற ஏற்பாடு உண்டல்லவா, பெரியப்பச்சிக்கு அதைச் சொல்லித்தான் இதை விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

கதவைச் சாத்தியதும் பிடிவாதக்காரக் கேமராக்கள் இரண்டும் செத்தே போயின. கிளவுடு, அதாவது வெளியிலுள்ள நிறுவன சர்வர், இல்லாமல் கண்ணே திறக்காத வகை அவை. அவற்றுக்குப் பதிலாக, எந்த நிறுவனத்தின் பதிவுப் பெட்டியோடும் பேச உதவும் ஓன்விஃப் என்ற பொது முறையை ஏற்கும், கேபிளிலேயே மின்சாரமும் பெறும் கேமராக்கள் இரண்டை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாக் காட்சிகளும் வீட்டிலேயே தங்க 4,600 ரூபாயில் ஒரு பதிவுப் பெட்டி. அதற்குள் வீட்டிலிருந்த பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

மூன்றாம் நாள் மின்வெட்டுக்குப் பின் பதிவைப் பார்த்தால் தேதி 1970 ஜனவரி 1 என்று நின்றது. இணையத்தை மறித்தபோது, நேரம் கேட்கும் வழியையும் சேர்த்து மறித்துவிட்டேன். கள்வன் வந்தாலும் எந்த நாளில் வந்தான் என்று சொல்ல முடியாத கேமராவால் காவல் நிலையத்தில் என்ன பயன்? ரவுட்டரையே நேரம் சொல்லும் சர்வராக்கி, நேரம் கேட்பதற்கான வாசல் எண்ணான 123-ஆம் போர்ட்டில் எந்த முகவரியைத் தேடிப் போனாலும் ரவுட்டரிடமே திருப்பிவிடும்படி ஒரு விதி எழுதினேன். அப்படியே 53-ஆம் போர்ட்டில் வெளியே போகும் பெயர்க் கேள்விகளையும் பை-ஹோலிடம் திருப்பினேன். அந்த விதியிலிருந்து பை-ஹோலுக்கு மட்டும் விலக்குத் தர மறந்து, அது தன்னிடமே கேட்டுச் சுழன்றுகொண்டிருந்த அரைமணி நேரமும் உண்டு.

அதிகமாக வியர்வை சிந்தியது கேபிளில். பின்வாசல் கேமராவுக்கு முகப்பிலிருந்து 47 மீட்டர் வேண்டும். வளவின் தூண்களையும் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சையும் தொடக் கூடாது என்பது அப்பத்தாவின் நிபந்தனை. அந்தப் பூச்சில் ஆணி இறங்கினால் விரிசல் கண்ணாடியில் போவது போலப் போகும் என்று வயர்மேனும் சொன்னார். ஆனாலும் முதல் நாள், அவர் வருவதற்குள் ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்று இரண்டாங்கட்டுச் சுவரில் 8 மில்லிமீட்டர் டிரில்லை வைத்தேன். உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. பிறகு அவர் யோசனைப்படி, தாழ்வாரத்து மரச்சட்டத்தின் உட்புறம் கிளிப் அடித்து, சுவர் குறுக்கிடும் இடங்களில் மேலே உள்ள காற்றுப்போக்கிகளின் வழியாக நுழைத்துக் கொண்டுபோனோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் ஓரிடத்திலும் கேபிள் போகவில்லை. இரண்டு நாள் வேலைக்குக் கூலி 1,800, கிளிப் முதலிய சில்லறைச் சாமான் 420.

அப்படிப் பாடுபட்டு இழுத்த கேபிளைக் கழற்றி மீண்டும் இழுக்க வேண்டியதாயிற்று. கடையில் மலிவாகக் கிடைத்த கேட்-6 கேபிள் 50 மீட்டரை 700 ரூபாய்க்கும், 12 வோல்ட்டைக் கேபிளில் ஏற்றி இறக்கும் சிறிய இணைப்பிகள் இரண்டை 150 ரூபாய்க்கும் வாங்கியிருந்தேன். பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடியது. இருட்டியதும் நிமிடத்துக்கொரு முறை அணைந்து எழுந்தது. கேமராவைக் குறை சொல்லி மாற்றிப் பார்த்தேன், இணைப்புத் தலைகளை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன், பயனில்லை. கடைசியில் மல்ட்டிமீட்டரை வைத்தால், முகப்பில் 12.1 வோல்ட், பின்வாசலில் பகலில் 10.2, இரவில் 7.4. இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கிறது, அத்தனை தூரத்தில் கேபிள் அதை விழுங்கிவிடுகிறது. கம்பியைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். சுத்தச் செம்புக் கேபிள் 1,650 ரூபாய்க்கும், கேபிளிலேயே 48 வோல்ட் மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்ச் ஒன்று 1,900 ரூபாய்க்கும் வாங்கி மாற்றிய இரவிலிருந்து கேமரா ஒரு முறைகூட அணையவில்லை. கேபிள் வாங்கும்போது கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியூரில் இருப்பவர்கள் பார்ப்பதற்கு வயர்கார்ட் சுரங்கம், அதாவது சாவி உள்ளவர் மட்டும் நுழையும் பூட்டிய தனிவழி, அமைக்க நினைத்தேன். 51820 போர்ட்டைத் திறந்து, சிங்கப்பூர்த் தம்பியின் கைப்பேசியில் சாவியை ஏற்றி, மூன்று மாலைகள் முயன்றும் ஒரு தரவுப் பொட்டலம்கூட உள்ளே வரவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்திருந்த வெளிமுகவரி 100.72 என்று தொடங்கியதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைப்பதற்கென ஒதுக்கப்பட்டவை. அப்படி அடுக்கிய வீட்டை வெளியிலிருந்து கூப்பிட முடியாது. உள்ளிருந்துதான் கூப்பிட வேண்டும். மாதம் 420 ரூபாய் வாடகையில் ஒரு சிறு சர்வரை எடுத்து, வீட்டு ரவுட்டரும் உறவினர் கைப்பேசிகளும் அங்கே வந்து சந்திக்கும்படி செய்தேன். இணைப்பு தூங்கிவிடாமலிருக்க வீட்டிலிருந்து 25 நொடிக்கு ஒரு முறை ஒரு தட்டு.

விளம்பரங்களில் வரும் விபிஎன் செயலியைப் போட்டால் போதாதா என்று தம்பி கேட்டார். அது வேறு வேலை. நம் போக்குவரத்தை இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து எடுத்து விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் வைக்கும், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். வாடகை சர்வர் கொடுப்பவர்களுக்கும் அந்த உத்தரவு பொருந்தும் என்பதால் நானும் அதற்கு அப்பாற்பட்டவன் அல்லன். என் ஏற்பாட்டில் இன்னொரு குறையும் இருக்கிறது. இரண்டு சுரங்கங்கள் சந்திக்கும் அந்த சர்வரில் காட்சி ஒரு கணம் பூட்டு அவிழ்ந்து மறுபடி பூட்டப்படுகிறது. அடுத்த முறை, வீட்டுக்கே தனிப் பொது முகவரி தரக்கூடிய ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக வீட்டுக்கே நேராக வரும்படி செய்து அந்த இடைநிலையத்தை எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு உறவினருக்கும் தனிச் சாவி கொடுத்திருக்கிறேன். ஒருவர் கைப்பேசியைத் தொலைத்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும். ஐந்து புள்ளிகளுக்கும் ஆளுக்கு ஒன்றாக மொத்தம் ஐந்து. பழைய செயலிக் கணக்கை, கேமரா மாட்டியவரைக் கூப்பிட்டே அழிக்கச் செய்தோம். அவர் உடனே செய்து கொடுத்தார். அவரிடம் இதுபோல எத்தனை வீடுகளின் கணக்குகள் இருக்கின்றன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மாதாந்தர சர்வர் வாடகை நீங்கலாகச் செலவு 21,570 ரூபாய். ஜீரோ 2 டபிள்யூ, மலிவுக் கேபிள், 12 வோல்ட் இணைப்பிகள் ஆகிய மூன்றில் 2,600 வீண். மறுபடி செய்வதானால் ரவுட்டரைப் பிரிப்பதில்தான் தொடங்குவேன், பை-ஹோலை அதற்குப் பிறகே தொடுவேன். புதுக் கேமரா வாங்கும்போது, இணையக் கேபிளை உருவிவிட்டு அது படம் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

இரண்டாங்கட்டுக் கேமராவை எந்த வரிசையிலும் சேர்க்கவில்லை. பூட்டிய நெட்வொர்க்கில் ஐந்து பேர் மட்டும் பார்ப்பார்கள் என்று அப்பத்தாவிடம் சொன்னபோது, "அந்த அஞ்சு பேரும் நம்ம பயலுகதானே, அவுகளுக்குத்தான் சொல்றேன்" என்றார்கள். கழற்றிவிட்டேன். அடுப்படிக்குப் போகும் வழியில் இருப்பதும் பின்வாசலில் இருப்பதும் சேர்ந்தே அந்தக் கட்டுக்குள் நுழைபவரைக் காட்டிவிடுகின்றன. கட்டுக்குள் இருப்பவரைக் காட்டுவதில்லை. நான் டிரில் வைத்துப் பெயர்த்த இடம் மட்டும் உள்ளங்கையளவுக்கு இன்னும் செங்கல் தெரிய நிற்கிறது. பழைய முறையில் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் ஒருவர், படைப்புக்கு முன்னால் வந்து அடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.